எலும்பு கிடைத்தால் ஆள் கிடைத்துவிடுவாரா?

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் கொல்லிமலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்தவை. காளப்பநாயக்கன்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள வாசகர்கள் இலங்கையின் செம்மணிப் புதைகுழிச் செய்தியைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

காளப்பநாயக்கன்பட்டி வாசகி: செம்மணியில் இத்தனை எலும்புக்கூடுகள் எடுத்திருக்கிறார்களே, டி.என்.ஏ. பார்த்தால் யார் யார் என்று தெரிந்துவிடாதா?

தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தால்தான் தெரியும்.

எலும்பிலிருந்து ஆய்வகம் எடுப்பது சில எண்களைத்தான். மரபணுவில் இருபது சொச்சம் இடங்களைப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் அப்பா வழி எண் ஒன்று, அம்மா வழி எண் ஒன்று என்று குறித்துக்கொள்வார்கள். அதில் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. ஒரு தாயோ தகப்பனோ பிள்ளையோ தன் மாதிரியைக் கொடுத்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் அந்த எலும்பு ஒருவருடையது ஆகிறது.

செம்மணியின் கதை இப்போது தொடங்கியதல்ல. 1996-இல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி கிரிஷாந்தி குமாரசுவாமி கொலையுண்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற இராணுவ வீரர் சோமரத்ன ராஜபக்ச, 1998-இல் நீதிமன்றத்தில் நின்று, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். மறு ஆண்டு தோண்டியபோது கிடைத்தவை 15. அதோடு நின்றது. 2025 பிப்ரவரியில் அதே செம்மணிப் பகுதியில், அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் தகன மேடை கட்டத் தோண்டியவர்களின் கண்ணில் எலும்புகள் பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் பேராசிரியர் ராஜ் சோமதேவ குழுவினர் அகழ்ந்தார்கள். செப்டம்பர் தொடக்கம் வரை கிட்டத்தட்ட 240 எலும்புக்கூடுகள். அவற்றுள் குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு நீல நிறப் பள்ளிப் பை, ஒரு பால் புட்டி, வளையல் துண்டுகள், பொம்மை. ஆகஸ்ட் மாதம் அந்தப் பொருள்களை மக்கள் முன் வைத்து, அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார்கள்.

எனக்குப் பதற்றம் தருவது வேறு விஷயம். இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெற்றோர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதில் உட்கார்ந்தவர்களில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஒரு தாய் மாதிரி கொடுக்காமல் இறந்துபோனால், அவர் பிள்ளையின் எலும்பை அடையாளம் காணும் மிக நல்ல வழி அவரோடு போகிறது. எலும்பு எடுக்கிற வேலைக்கு முன்பாகவே மாதிரி எடுக்கிற வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

சேந்தமங்கலம் வாசகர்: காய்ந்துபோன எலும்பில் டி.என்.ஏ. எங்கே ஒளிந்திருக்கும்?

கெட்டியான இடத்தில். எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகிய கட்டுமானம். அதற்குள் உயிரணுக்கள் சிறைப்பட்டிருக்கின்றன. சதை அழுகிக் கரைந்த பிறகும் அந்தக் கனிமம் மரபணு இழையைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் தொடை எலும்பின் நடுப்பகுதி, கடைவாய்ப் பல்லின் வேர், மண்டை ஓட்டில் உட்காதைச் சுற்றியிருக்கும் பெட்ரஸ் எலும்பு ஆகிய மூன்றையும் முதலில் தேடுகிறார்கள். விலா எலும்பு மெலிது. சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஆய்வக மேஜையில் நடப்பது இது. முதலில் எலும்பின் மேல்தோலைச் சுரண்டி எறிகிறார்கள். மண்ணும், தொட்டவர் கையின் வியர்வையும் அதில்தான் இருக்கும். பிளீச்சில் கழுவி, புற ஊதா விளக்கின் கீழ் வைக்கிறார்கள். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து மாவாக அரைக்கிறார்கள். சும்மா அரைத்தால் சூடேறி மிச்சமிருக்கும் மரபணுவும் போய்விடும். அரை கிராம், ஒரு கிராம் மாவு போதும். அதை இ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் கரைந்து மரபணு வெளியே வருகிறது. அதைப் பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் இலட்சக்கணக்கான நகல்கள் எடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் நம் எல்லோருக்கும் பழகிய அதே பி.சி.ஆர்.தான்.

இழை பழசாகும்போது துண்டு துண்டாக உடைகிறது. மழையில் நனைந்து கிழிந்த பஸ் டிக்கெட்டில் ஊர்ப் பெயர் போனாலும் ஓர் ஓரத்தில் எண் மட்டும் படிக்கக் கிடைக்குமே, அந்த மாதிரி. நீளமான பகுதிகளைப் படிக்கும் வழக்கமான சோதனை இங்கே தோற்கும். அதற்காகவே 'மினி எஸ்.டி.ஆர்.' என்று குட்டித் துண்டுகளையே படிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

காரவள்ளி வாசகர்: எங்கள் மலையடிவார மண்ணில் எத்தனை வருஷம் தாங்கும்?

வருஷத்தைக் கேட்காதீர்கள், வெப்பத்தையும் ஈரத்தையும் கேளுங்கள். சைபீரியாவின் உறைமண்ணில் கிடைத்த மாமத யானைப் பல்லில் பத்து இலட்சம் ஆண்டு கடந்த மரபணுவையே படித்துவிட்டார்கள். நம் பக்கத்து வெயிலிலும் மழையிலும், புளிப்பேறிய மண்ணிலும், சில பத்தாண்டுகளிலேயே எலும்பு கைவிரித்துவிடலாம். நிழலில், காய்ந்த மண்ணில், ஆழமாகக் கிடந்தது தப்பிக்கும். வெயிலில் கிடந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்தது தப்பிக்காது. ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு எலும்புகளில் ஒன்று பேசும், ஒன்று பேசாது. அதனால் ஒரு மாதிரி தோற்றால் அடுத்ததை எடுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

துத்திக்குளம் வாசகர்: எரித்துவிட்டால்?

நன்றாக எரிந்து வெளுத்த எலும்பில் மரபணு அநேகமாக மிஞ்சாது. அரைகுறையாக எரிந்ததில் வாய்ப்பு உண்டு. விறகுச் சிதை எல்லா இடத்திலும் ஒரே சீராக எரிவதில்லை. பல்லின் வேர், தாடைக்குள் இருப்பதால் சில சமயம் பிழைக்கும்.

நேதாஜி விஷயம் இதில்தான் சிக்கிக் கிடக்கிறது. டோக்கியோ ரென்கோஜி கோயிலில் இருக்கும் அஸ்தி அவருடையதா என்று முகர்ஜி ஆணையம் 1999 முதல் 2005 வரை ஆராய்ந்தது. டி.என்.ஏ. சோதனை மட்டும் நடக்கவே இல்லை. சோதனை செய்யுங்கள் என்று அவர் மகள் அனிதா போஸ் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். மகளே கேட்கும்போது செய்து பார்த்துவிடுவதுதான் நியாயம். தோற்றால் தோற்றது என்று சொல்லிவிடலாம்.

பேளுக்குறிச்சி வாசகி: அப்பா, அம்மா, பிள்ளை யாருமே இல்லை என்றால் யாருடைய மாதிரியை எடுப்பார்கள்?

நல்ல கேள்வி. இதற்கு நம்மூர் உறவு முறை தெரிந்தவர்களுக்குப் பதில் சுலபமாகப் புரியும்.

உயிரணுவின் மையத்தில் இருக்கும் மரபணு இரண்டே பிரதி. அதற்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு சின்ன மரபணு வளையம் இருக்கிறது. அதன் நீளம் 16,569 எழுத்து. ஓர் உயிரணுவில் அது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் மற்றதெல்லாம் அழிந்த எலும்பிலும் இது கிடைத்துவிடும். இது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆக, காணாமல் போனவரின் தாய்மாமன் கொடுக்கலாம். சித்தி, பெரியம்மா கொடுக்கலாம். அவர்களுடைய பிள்ளைகளும் கொடுக்கலாம். அக்கா தங்கையின் மகனும் மகளும் கொடுக்கலாம். ஆனால் காணாமல் போனவர் ஆண் என்றால் அவருடைய சொந்தப் பிள்ளையின் மைட்டோகாண்ட்ரியா இதற்கு உதவாது. அது அவர் மனைவியின் வழி. தாய்மாமன் மகளும் அப்படித்தான், அவளுக்கு அவள் அம்மாவுடையது.

ஒய் குரோமோசோம் நேர் எதிர். தகப்பனிடமிருந்து மகனுக்கு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள், தத்து எதுவும் நடுவில் வராதவரை, ஏறத்தாழ ஒரே ஒய் எண்களைத்தான் வைத்திருப்பார்கள். பெரியப்பா மகன் கொடுத்தாலும் போதும்.

இந்த இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. 'இன்ன வம்சம்' என்று காட்டும். 'இன்ன ஆள்' என்று காட்டாது. அண்ணன் தம்பி இருவரும் காணாமல் போயிருந்தால் மைட்டோகாண்ட்ரியா அவர்களைப் பிரித்துச் சொல்லாது. வயது, உயரம், பல், பழைய எலும்பு முறிவு எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

ஆனாலும் தாய்வழி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485-இல் போரில் இறந்தார். 2012-இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்பு அவருடையதுதான் என்று நிரூபிக்க உதவியவர், மன்னரின் அக்காள் வழியில் 17 தலைமுறை தள்ளிப் பிறந்த ஒரு தச்சர்.

ராசிபுரம் வாசகர்: எங்கள் பக்கம் அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கம் இருக்கிறது. அது சோதனையைக் குழப்பாதா?

குழப்பும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் பொதுவான எண்கள் அதிகம். தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தோன்றலாம். அதனால் மாதிரி கொடுக்கும்போது யார் யாருக்கு என்ன முறை என்று வெட்கப்படாமல் முழுசாகச் சொல்லுங்கள். அதைக் கணக்கில் சேர்த்துக் கணிக்க வழி இருக்கிறது, மறைத்தால்தான் தப்பாகும்.

செம்மேடு வாசகர்: எங்கோ ஓர் எலும்பு கிடைக்கிறது, யாரும் தேடி வரவில்லை. எந்த ஊர்க்காரர் என்றாவது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பஞ்சாபில் அமிர்தசரசுக்குப் பக்கத்து ஆஜ்னாலாவில் ஒரு பாழுங்கிணறு. 2014-இல் ஊர்க்காரர்களே தோண்டி எலும்புகளை அள்ளினார்கள். 1947 பிரிவினைக் கலவரத்தில் செத்தவர்கள் என்றார்கள் சிலர். 1857 கிளர்ச்சியில் பிரிட்டிஷார் கொன்ற 26-ஆம் வங்காள காலாட்படைச் சிப்பாய்கள் 282 பேர் என்றது, அந்தக் கொலையை நடத்திய அதிகாரி ஃபிரெடரிக் கூப்பரே எழுதிவைத்த புத்தகம். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஜே.எஸ். செஹ்ராவத், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தமிழ் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 50 மாதிரிகளில் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தார்கள். 85 மாதிரிகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் பல்லில் தங்கிவிடுகிறது. 2022-இல் முடிவு வெளிவந்தது. அவர்கள் பஞ்சாபியரோ மேற்கே உள்ளவர்களோ இல்லை, கங்கைச் சமவெளிக்காரர்கள். அந்த வாதம் பற்களில் தீர்ந்தது.

ஆனால் 282 பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடைக்கவில்லை. அதே தங்கராஜ் பங்கேற்ற இன்னோர் ஆய்வில், கோவாவில் அகஸ்டின் தேவாலய இடிபாட்டில் கிடைத்த எலும்பு, 1624-இல் பாரசீகத்தில் கொல்லப்பட்ட ஜார்ஜிய அரசி கெட்டவானுடையது என்று தெரியவந்தது. 2021-இல் இந்தியா அதை ஜார்ஜியாவிடமே ஒப்படைத்தது. அரசி எங்கே வைக்கப்பட்டார் என்று ஏட்டில் இருந்தது. சிப்பாய்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. விஞ்ஞானம் இருவருக்கும் ஒன்றுதான், ஏடு ஒன்றல்ல.

காளப்பநாயக்கன்பட்டி வாசகர்: மன்னார் புதைகுழி பழைய காலத்தது என்று முடிவு வந்ததாமே. அப்படியானால் அது பொய்யா?

இலங்கையின் மன்னாரில், சதொச என்ற அரசுக் கடையின் கட்டட வளாகத்தில் 2018-இல் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2019 மார்ச்சில் வந்த கார்பன் காலக்கணிப்பு அறிக்கை, சுமார் 1400-க்கும் 1650-க்கும் இடைப்பட்ட காலம் என்றது. அந்த ஆறு எலும்புகளைப் பற்றி அது சொல்வதை மதிக்க வேண்டும், நம் மனதுக்குப் பிடிக்காவிட்டாலும். ஆனால் ஆறை வைத்து முந்நூறுக்கும் தீர்ப்பெழுதி மூடிவிடக் கூடாது. இன்னும் பல மாதிரிகளை, இன்னோர் ஆய்வகத்திலும் பார்க்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 1950-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது; அதன் பிறகு வாழ்ந்தவர் எலும்பில் அந்தச் சுவடு இருக்கும். எனவே அண்மைக் காலமா, பழைய காலமா என்பதை இந்தச் சோதனை நன்றாகவே பிரிக்கும்.

நாமக்கல் வாசகர்: டி.என்.ஏ. வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

1952-இல் சென்னை பேனா வியாபாரி ஆளவந்தாரின் தலையில்லாத உடல், போட் மெயில் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டியில் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில். கைரேகை மிஞ்சியிருந்ததால் அடையாளம் உறுதியானது. எலும்பு மட்டும் மிஞ்சினால், மண்டை ஓட்டின் படத்தையும் ஆளின் புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் சூப்பர் இம்போசிஷன். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் அதில் பெயர் பெற்றவர். இன்றும் அது கைகொடுக்கிறது, ஆனால் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லும் பலம் அதற்கு இல்லை.

ஜக்கம்மநாயக்கன்பட்டி வாசகர்: இந்தியாவில் முதல் டி.என்.ஏ. வழக்கு எது?

1989, கேரளாவின் தலச்சேரி. ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்ற வழக்கு. சோதனை செய்தவர் சி.சி.எம்.பி.யின் லால்ஜி சிங்.

சோளக்காடு வாசகர்: ஆய்வகம் தப்புச் செய்யுமா?

செய்யும். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் சுமார் நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்ததாக ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2009-இல் தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைத் தொழிற்சாலையில் கட்டிய பெண்ணின் டி.என்.ஏ. அது. பழைய எலும்பில் மிஞ்சியிருப்பதே துளி. அதைத் தொட்டவரின் ஒரு தும்மல் போதும், மூடி மறைக்க. அதனால் நல்ல ஆய்வகம் தன் ஊழியர் எல்லோருடைய டி.என்.ஏ.வையும் பதிவு செய்து வைத்து, முடிவில் அவர்கள் இல்லை என்று சரிபார்க்கும். எலும்பே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டிப் பார்க்கும்.

முத்துகாப்பட்டி வாசகி: எலும்புகள் கலந்து கிடந்தால்?

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்தார்கள். பிறகு தடயத்தை மறைக்க அந்தக் குழிகளை புல்டோசரால் வாரி வேறு இடங்களில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்பு பல குழிகளில் கிடைத்தது. காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் முதலில் செய்தது ஊர் ஊராகப் போய் உறவினர்களின் இரத்தத் துளிகளைச் சேர்த்ததுதான். ஏறத்தாழ 7,000 பேரின் அடையாளம் தெரிந்துவிட்டது. இதுதான் வழி என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. செம்மணிக்கும், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாய்ப் புதைகுழிக்கும் இதையே செய்யலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அதே ஊர் வாசகி: எத்தனை நாள் ஆகும்?

2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்கள் 2,753 பேர். 24 ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்டிலும் மூன்று பேரின் அடையாளம் தெரிந்தது. அதோடு கணக்கு 1,653. மீதி 1,100 பேருக்கு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பணக்கார நாட்டுக்கே இவ்வளவு காலம். ஆனால் அவர்கள் கோப்பை மூடவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி வாசகர்: மலைக்காட்டில் ஆடு மேய்க்கப் போகும்போது எலும்பு தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள். மனித எலும்பு மாதிரித் தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். மண்டை ஓட்டைக் கம்பால் புரட்டுவது, செல்போனில் படம் எடுக்கக் கையில் தூக்குவது, சாக்கில் அள்ளி வருவது, நல்லெண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவது, நான்கும் கூடாது. ஒரு பல் உதிர்ந்து புதருக்குள் போனால் அதோடு வழக்கே போகலாம். பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174) விசாரணை தொடங்கும். காவல்துறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த காகித உறை போதும்.

சேந்தமங்கலம் வாசகி: நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையா?

டி.என்.ஏ. ஒழுங்குமுறை மசோதா ஒன்று 2019-இல் மக்களவைக்கு வந்தது. காணாமல் போனவர்களுக்கு ஒரு பட்டியல், அடையாளம் தெரியாத உடல்களுக்கு ஒரு பட்டியல் என்று அதில் இடம் இருந்தது. கூடவே சந்தேக நபர்களின் பட்டியலும் இருந்ததால் தனியுரிமை குறித்து எதிர்ப்பு எழுந்தது, அதுவும் நியாயமே. 2023 ஜூலையில் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். என் கருத்து: குற்றவாளிப் பட்டியலைப் பற்றிய சண்டை தனியாக நடக்கட்டும். காணாமல் போனவர்களின் குடும்பம் விரும்பிக் கொடுக்கும் மாதிரிக்கும், பிணவறையில் பெயரில்லாமல் கிடக்கும் உடலுக்கும் மட்டும் தனிச் சட்டம் போடுங்கள். அந்த மாதிரியை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று அதிலேயே எழுதுங்கள்.

காளப்பநாயக்கன்பட்டி வாசகி: என் தம்பி லாரியில் வடக்கே போனவன், வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. அம்மாவுக்கு வயதாகிறது. நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது அக்கா. லாரியும் ரிக்கும் ஓடுகிற நாமக்கல் மாவட்டத்தில் உங்களைப் போல் காத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கும், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 'மேன் மிஸ்ஸிங்' புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காதீர்கள். தம்பியின் பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் ரேசர், சீப்பு எது இருந்தாலும் கழுவாமல் காகித உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பல் வைத்தியரிடமோ எலும்பு முறிவுக்கோ எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பச்சை குத்தியது, பிளேட் வைத்தது, உடைந்த பல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்காவது அடையாளம் தெரியாத உடலோ எலும்போ கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி தரத் தயார் என்று அம்மா பெயரில் எழுத்துமூலம் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, கையெழுத்துப் பெற்ற நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி உயிரோடு எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கைக்கு இது எதிரானது இல்லை. நினைவு தப்பி ஏதாவது காப்பகத்தில் இருந்தாலும் இதே மாதிரிதான் அவனை உங்களுக்குத் திருப்பித் தரும். அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள்.